மூச்சுக்கு ஒரு பெட்டி

"எத்தனை வாட்?" ஆலயத்துக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்கச் செல்லும் பங்குப்பேரவை உறுப்பினர்கள் கடைக்காரரிடம் கேட்கும் முதற்கேள்வி இதுவே, பெரும்பாலும் இறுதிக் கேள்வியும் இதுவே. 150 வாட் பெட்டி சில ஆண்டுகளில் 250 வாட் பெட்டிக்கு இடம் விடும். திருவிழாக் கொடியேற்றத்தன்று நம் ஆலய முற்றத்தில் எழும் குரல் நெடுஞ்சாலைவரை கேட்டால் கொடுத்த பணம் வீண்போகவில்லை என்று மனநிறைவு கொள்வர். இத்தனைக்கும் நம் அண்டை ஊராகிய திருப்பெரும்புதூர் இராமானுசர் பிறந்த மண். எல்லாரும் கேட்டு உய்யவேண்டும் என்று அவர் திருக்கோட்டியூர்க் கோபுரத்தின்மேல் ஏறி மறைபொருளை உரக்கச் சொன்னார் என்பது வைணவ மரபு. வாட் கணக்குக்குள் அடங்காத ஒலிபெருக்கம் அது.

கடந்த ஆண்டு தவக்காலம் தொடங்குமுன் நம்மைக் காண வந்த ஓர் இளைஞரின் கேள்வி வேறு வகையினதாக இருந்தது. அவர் தூத்துக்குடிப் பகுதியில் ஒரு கடற்கரையூரைச் சேர்ந்தவர். பட்டயப் படிப்பு முடித்து, ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளராக இருப்பவர். மாத்தூரில் ஓர் அறையை ஐவரோடு பகிர்ந்து வாழ்பவர். "சாமி, மவுத்தார்கனுக்கு எந்த ஆம்ப்ளிஃபயர் நல்லது? ப்ளூஸ் வாசிக்கணும்" என்றார். குருமட நாள்களில் நாமும் மவுத்தார்கன் ஊதிப் பழகியதுண்டு என்பதை யாரோ அவருக்குச் சொல்லியிருக்கவேண்டும். சீட்டு எடுத்த பணம் அவர் கையில் இருந்தது. அதில் பாதி, ஊரில் படிக்கும் தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு உரியது. ஒப்பந்தம் முடிய ஏழு மாதங்களே இருந்தன. இவற்றையெல்லாம் நாம் கேளாமலே அவர் சொன்னார்.

மவுத்தார்கன் என்றதும் நம் மக்களுக்கு நினைவுக்கு வருவது 1975இல் வெளிவந்த 'ஷோலே' திரைப்படம். திரையில் அமிதாப் பச்சன் வாயில் வைத்த கருவியை உண்மையில் வாசித்தவர் பானு குப்தா. அந்த ஓசை இனிமையானது; மாலை வெயிலைப் போன்றது. ப்ளூஸ் வாசிப்பு அவ்வாறன்று. பத்துத் துளைகளும் இருபது உலோக நாக்குகளும் கொண்ட சிறு கருவி அது. ஒரு கட்டைக்கென்று செய்யப்பட்ட கருவியை ப்ளூஸ் கலைஞர்கள் ஐந்து கட்டையில் வாசிப்பர். அப்போது உயிர்ச் சுரங்கள் பலவும் உள்ளிழுக்கும் மூச்சில் வந்து அமையும். நாக்கையும் தொண்டையையும் இசைவாக மாற்றினால் இழுக்கும் சுரத்தை அழுகுரல்போல் கீழ்நோக்கி வளைக்கவும் முடியும். நாகசுரமும் புல்லாங்குழலும் வெளிவிடும் மூச்சால் பாடுபவை; இது இழுக்கும் மூச்சால் பாடுவது. ஆதாமின் நாசியில் ஊதப்பெற்ற மூச்சைப்பற்றி மறையுரை ஆற்றுவோர் பலர். ஆதாம் முதன்முதலில் இழுத்த மூச்சைப்பற்றிப் பேசுவோர் குறைவு.

இந்த வாசிப்புக்கு ஆம்ப்ளிஃபயர் எதற்கு என்று கேட்கலாம். அதற்கு விடை சிகாகோவில் இருக்கிறது. 1910 முதல் 1970 வரை அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து ஏறத்தாழ அறுபது இலட்சம் கறுப்பின மக்கள் வடக்கு, மேற்குப் பகுதி நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். பருத்திக் காட்டிலிருந்து ஆலைக்கு வந்தவர்கள் அவர்கள். 1943இல் சிகாகோ வந்த மடி வாட்டர்ஸ் என்னும் பெரும்பாடகரும் அங்கே காகித ஆலையில் வேலை பார்த்தவரே. ஊர்த் திண்ணையில் கேட்ட இசை நகரத்து மதுக்கூடத்தின் இரைச்சலில் எடுபடவில்லை. அவருடைய குழுவில் வாசித்த லிட்டில் வால்ட்டர் என்ற இளைஞர் ஒலிவாங்கியையும் மவுத்தார்கனையும் ஒன்றாகச் சேர்த்து இரு கைகளாலும் பொத்திக்கொண்டு, ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு அப்பால் முடுக்கி ஊதினார். 1952இல், தம் 22ஆம் வயதில், அவர் பதிவு செய்த 'ஜூக்' என்னும் வாத்திய இசை ரிதம் அண்டு ப்ளூஸ் இசைத்தட்டுப் பட்டியலில் எட்டு வாரங்கள் முதலிடம் பெற்றது. இரைச்சலை வெல்லப் பிறந்த ஏற்பாடு தானே ஒரு புதிய குரலாகிவிட்டது.

இருங்காட்டுக்கோட்டையில் 1996இல் கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்ட பின் நம் பகுதி அடைந்த மாற்றத்தைக் கண்டவர்களுக்கு இந்த வரலாறு அந்நியமாகத் தோன்றாது. ஏரிப்பாசன ஊர்கள் வாடகை அறைகளின் ஊர்களாயின. 2006இல் திறக்கப்பட்ட நோக்கியா கைபேசித் தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடப்பட்டபோது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நின்ற பிள்ளைகளின் முகங்கள் நம் மக்களுக்கு இன்றும் நினைவிருக்கின்றன. ப்ளூஸ் நம்மூருக்கு எதற்கு என்று எவரேனும் கேட்டால் நாம் வியப்படைவோம்.

இனி ஆம்ப்ளிஃபயருக்கு வருவோம். கைகளால் பொத்தும்போது உள்ளே காற்று அடைபட்டு அழுத்தம் கூடுகிறது. கீச்சொலி அடங்கி ஓசை தடிக்கிறது. அந்த மின்னலை வால்வு ஆம்ப்ளிஃபயரின் முதல் சிறு வால்வுக்குச் சென்று, அதன் கொள்ளளவை மீறும்போது, முனை வெட்டுப்படாமல் மழுங்கி உருள்கிறது. டிரான்சிஸ்டரிலோ, மீறிய அலை கத்தியால் நறுக்கியதுபோல் தட்டையாகிவிடும். மெல்ல ஊதினால் தெளிவு. அழுத்தி ஊதினால் கரகரப்பு. பொறியாளர் குறை என்று சொல்லும் இந்தக் கரகரப்பே ப்ளூஸ் கலைஞருக்கு நிறை. நம் ஆலய மைக் செட்டின் அறம் வேறு. குருவின் குரலோடு எதையும் கூட்டாமல், எதையும் குறைக்காமல், கடைசி இருக்கைவரை கொண்டுசேர்ப்பது அதன் பணி. அந்தக் குழாய் ஸ்பீக்கரில் மவுத்தார்கனைக் கொடுத்தால் தகரத்தை ஆணியால் கீறிய ஓசைதான் வரும்.

வாட் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. காதுக்கு ஒலி இருமடங்காகத் தோன்றவேண்டுமானால் மின்திறன் ஏறத்தாழப் பத்து மடங்கு ஆகவேண்டும். ஆகவே 50 வாட் பெட்டி 5 வாட் பெட்டியைப் போல இரண்டு பங்குதான் உரக்க ஒலிக்கும். 1959ஆம் ஆண்டு ஃபெண்டர் பாஸ்மேன், பத்து அங்குல ஸ்பீக்கர் நான்கு கொண்டது, மவுத்தார்கன் கலைஞர்களிடையே காவியப் புகழ் பெற்றது. அதை இனிக்க வைக்கும் அளவுக்கு முடுக்கினால் மாத்தூர் அறையின் ஓடு பெயர்ந்துவிடும். சிறிய பெட்டியோ குறைந்த ஒலியிலேயே தன் எல்லையைத் தொட்டுக் கனிந்துவிடும்.

நம் பங்கைச் சேர்ந்த ஒரு முதியவர் வால்வு ரேடியோ காலத்து மெக்கானிக். அவரையும் அழைத்துக்கொண்டு மூவருமாகச் சென்னைக்குப் போனோம். அண்ணாசாலையிலும் ரிச்சித் தெருவிலும் அலைந்து, சிலர் வீடுகளுக்கும் சென்று, இறுதியில் மூன்று பெட்டிகள் தேறின. முதலாவது, நூறு வகை ஓசை தருவதாக உறுதியளித்த புதிய டிஜிட்டல் பெட்டி. இரண்டாவது, வெளிநாடு புறப்பட்டுக்கொண்டிருந்த ஒருவரின் வீட்டிலிருந்த பழைய அமெரிக்க ஆம்ப்ளிஃபயர்; பெயரும் வயதும் உடையது; சீட்டுப் பணம் முழுவதையும் விலையாகக் கேட்டது. மூன்றாவது, எட்டு அங்குல ஸ்பீக்கர் கொண்ட, உறை கிழிந்த 5 வாட் வால்வுப் பெட்டி.

மெக்கானிக் கடைக்காரர் பேச்சுக்குக் காது கொடுக்கவில்லை. "தம்பி, உன் கருவி, உன் மைக், உன் மூச்சு. முதல்ல மெல்ல ஊது" என்றார். நூறு ஓசைப் பெட்டியில் மெல்ல ஊதினாலும் அழுத்தி ஊதினாலும் ஒரே கரகரப்பு வந்தது. மூச்சு எங்கோ தொலைந்துபோயிற்று. அமெரிக்கப் பெட்டி, உண்மையைச் சொன்னால், பேரழகாகப் பாடியது. இளைஞரின் முகம் மாறியதைக் கண்டோம். ஆனால் அது 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. நம் 230 வோல்ட்டுக்கு இடையில் ஒரு மாற்றி வேண்டும். அதன் கம்பியில் இரண்டே முனைகள், எர்த் இல்லை. ஈர உதடு உலோக மைக்கைத் தொட்டபடியே வாசிக்கும் கலை இது. மாத்தூர் அறையிலோ மூன்றாம் துளைக்குப் பின்னால் கம்பியே இருக்கிறதா என்பது ஐயம். "இது பாட்டுப் பெட்டியில்ல, சவப்பெட்டி" என்று மெக்கானிக் சொன்னது சற்றுக் கடுமைதான். எர்த் சேர்த்துச் சரிசெய்யலாம் என்பதையும் அதற்கு ஆகும் செலவையும் அவரே பிறகு சொன்னார்.

மூன்றாவது பெட்டியின் முதுகுப் பலகையைக் கழற்றி, மின்தேக்கிகளில் தங்கியிருந்த மின்சாரத்தை முதலில் இறக்கினார். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அங்கே உயிர்கொல்லும் வோல்ட் பதுங்கியிருக்குமாம். டிரான்ஸ்ஃபார்மரை முகர்ந்து பார்த்தார். கருகல் வாடை இல்லை. குறை ஒன்றே: ஒலியைக் கூட்டினால் பெட்டி ஊளையிட்டது. முதல் வால்வு 12ஏஎக்ஸ்7. அதன் பெருக்கக் காரணி 100. அதை எடுத்துவிட்டு, தம் பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து கொண்டுவந்திருந்த, காரணி 20 அளவேயுள்ள 12ஏயு7 வால்வைச் செருகினார். ஊளை அடங்கியது, ஓசை தடித்தது. குறைத்ததனால் கூடிய நன்மை.

மைக் விஷயத்திலும் அவர் சொல்லே நின்றது. அந்நாளைய கலைஞர்கள் விரும்பிய கிரிஸ்டல் மைக்கின் இதயம் ரோஷல் உப்பு. திராட்சை இரசப் பீப்பாயில் படியும் மண்டியிலிருந்து பெறப்படுவது அது என்று அறிந்தபோது, நாள்தோறும் திருப்பலி இரசத்தைக் கையாளும் நமக்குத் தனி மகிழ்ச்சி உண்டாயிற்று. ஆனால் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் அது கெட்டுவிடும். நம் கத்திரி வெயிலுக்கும் ஐப்பசி ஈரத்துக்கும் காந்தச் சுருள் மைக்கே தாங்கும்.

பங்குப்பேரவையில் ஒரு பெரியவர், "தங்கச்சி படிப்புக்குப் பணம் வேணும்கிற பையனுக்கு இது தேவையா, ஃபாதர்?" என்று வருந்தினார். கேள்வி நியாயமற்றதன்று. பெத்தானியாவில் விலையுயர்ந்த நறுமணத் தைலம் உடைக்கப்பட்டபோதும் ஏழைகளின் பெயரால் கணக்குக் கேட்கப்பட்டது. கேட்டவர்கள் தைலத்துக்கு உரியவர்கள் அல்லர் என்பதை மட்டும் அவருக்கு நினைவூட்டினோம். இளைஞரிடமோ, தங்கையின் பாதி அவருடையதன்று என்பதை ஐயத்துக்கிடமின்றிச் சொல்லியிருந்தோம். பெட்டி, மைக், எர்த் உள்ள புதுக் கம்பி எல்லாம் சேர்ந்து சீட்டுப் பணத்தில் மூன்றிலொரு பங்குக்குள் அடங்கின. அமெரிக்கப் பெட்டியின் விலையில் பெரும்பகுதி அதன் பெயருக்கும் ஆண்டுக்கும் உரியது. சேகரிப்பவர்க்கு அது முதலீடாகலாம். ஒப்பந்தத் தொழிலாளர் கேட்கவேண்டியவை வேறு. பழுதானால் பார்க்க ஆள் உண்டா? அறை மாற்றும்போது மோட்டார் சைக்கிளில் ஏறுமா? இரவு ஷிஃப்ட் முடித்துப் பகலில் உறங்கும் அறைத்தோழரை எழுப்பாமல் பாடுமா?

இளைஞர் குழுவினர் அதைத் திருப்பலியிலும் வாசிக்க விரும்பினர். 1903இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் பியானோவையே ஆலயத்தில் விலக்கினார். 1958இல் வந்த அறிவுரை, உயிருள்ள குரலைப் பெருக்கும் அளவுக்கு ஒலிபெருக்கியை ஏற்றது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஆலயத்தின் மாண்புக்கும் மக்களின் பக்திக்கும் உகந்த பிற கருவிகளையும், உரிய அதிகாரிகளின் இசைவோடு, அனுமதித்தது. கதவு திறந்துதான் இருக்கிறது. எனினும், கரகரக்கும் ப்ளூஸ் ஓசை நம் மக்களின் செபத்துக்கு இன்னும் பழகவில்லை என்பது நம் முடிவு. தவக்கால வெள்ளிகளில் சிலுவைப்பாதை முடிந்தபின் பங்கு மன்றத்தில் தொழிலாளர் கூடுகையில் வாசிக்கட்டும் என்றோம். முதல் வெள்ளியன்று நாற்பது பேர் இருந்தனர். வால்வு சூடேற அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடம் மன்றம் முழுவதும் ஒரு சிறு சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு இழுத்த முதல் மூச்சில் பின்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து நின்றுவிட்டார். ஏன் நின்றார் என்று நாம் கேட்கவில்லை.

ஏழாம் மாதத்தில் ஒப்பந்தம் முடிந்தது. அடுத்த வேலை கிடைக்க இரண்டு மாதங்கள் ஆயின. அதற்கிடையில் சென்னையிலிருந்து ஒருவர் வந்து, வாங்கிய விலைக்குமேல் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "குடுத்திரவா, சாமி?" என்று கேட்டார். தங்கையின் கட்டணம் கட்டியாயிற்றா என்று மட்டும் கேட்டோம், கட்டியாயிற்று என்றார். பெட்டி இப்போது இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வேறோர் அறையில் இருக்கிறது. ஸ்பீக்கர் கூம்பில் விழுந்த சிறு கிழிசலை மெக்கானிக் சென்ற வாரம் பசைத்தாள் வைத்து ஒட்டிக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை.