அலைவாய்க் கரையில் ஆறு நாள்

பணி ஓய்வு பெற்ற பெற்றோருக்குப் பிள்ளைகள் அளிக்கும் பரிசுகளில் இந்நாளில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அந்தமான், மாலத்தீவு, பாலி என ஏதேனும் ஒரு தீவில் சில நாள் தங்கி, கடற்காற்றும் மரநிழலும் எளிய உணவுமாக உடலைத் தேற்றிக்கொண்டு வரச் செய்யும் ஏற்பாடே அது. அன்பின் மிகுதியால் எழுந்த எண்ணம், குறை சொல்வதற்கில்லை. ஆயினும் எழுபது வயதைக் கடந்தவருக்கு, நெடிய விமானப் பயணமும், பழகாத உணவும், கோயில் மணியோசை கேளாத விடியற்காலையும் எவ்வளவு தூரம் ஓய்வாக அமையும் என்பது கேள்விக்குரியது.

மற்றொரு புறம், ஒரே நாளில் ஒன்பது தலங்கள், மூன்றே நாளில் ஆறுபடை வீடுகள் என்று விரையும் சுற்றுலாப் பேருந்துகள். இறங்குவதும், ஓடுவதும், தீபாராதனையை எட்டிப் பார்ப்பதும், மீண்டும் ஏறுவதுமாக அப்பயணம் முடிகிறது. வீடு திரும்பிய முதியவர் பத்து நாள் கால்வலியோடு படுத்திருக்கிறார். எந்தக் கோயிலில் எந்தப் பெருமானைத் தரிசித்தோம் என்பதுகூட அவருக்குக் குழம்பிவிடுகிறது.

இவ்விரண்டுக்கும் நடுவே பழைய வழி ஒன்று உண்டு. ஒரு தலத்தை அடைந்து, அங்கேயே தங்கி, அங்குள்ள நீரில் நீராடி, அங்குள்ள காற்றை உட்கொண்டு, பெருமான் திருமுன் நாள்தோறும் நிற்பதே அது. முன்னோர் இதனைத் தலவாசம் என்றனர். அதற்கு ஏற்ற நிலம் தமிழகத்தின் தென்கிழக்குக் கரையில், தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் இடையே, காயல்பட்டினத்தை நடுவில் வைத்து நீண்டு கிடக்கிறது.

தீவுகளும் ஓய்வு கொள்கின்றன

இக்கரையில் தீவு இல்லையா என்று கேட்போர் உண்டு. இருக்கின்றன. தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் கணக்கிடப்பட்டுள்ளன. வான் தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குச்சல்லி ஆகியவை தூத்துக்குடியை அடுத்தவை. 1986-ஆம் ஆண்டு இவை கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. இத்தீவுகளில் பொதுமக்கள் அனுமதியின்றிக் கால் வைக்கலாகாது.

அதற்குத் தக்க காரணம் உண்டு. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்திற்காகவும் பல ஆண்டுகள் இங்கே பவளப்பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டன. அலையின் வேகத்தைத் தாங்கி நின்ற அரண் அகன்றதும் தீவுகள் கரையத் தொடங்கின. விலாங்குச்சல்லி கடலுள் மூழ்கியே போயிற்று. வான் தீவும் சுருங்கி வந்தமையால், அதனைக் காக்கக் கடலடியில் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன. மனிதர் ஓய்வு தேடிச் செல்லும் தீவுக்கே இப்போது ஓய்வு தேவைப்படுகிறது. ஆகவே அத்தீவுகளைத் தூரத்தே வணங்கிவிட்டுக் கரையில் தங்குவதே முறை.

ஒரு மண்டலம் காத்திருந்த பெற்றோர்

உடல்நலம் வேண்டி இக்கரையில் வந்து தங்கும் வழக்கம் புதியதன்று. பதினேழாம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் சண்முகசிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரி அம்மையாருக்கும் பிறந்த குழந்தை, ஐந்து வயது ஆகியும் வாய் பேசவில்லை. பெற்றோர் குழந்தையுடன் செந்திலம்பதிக்கு வந்தனர். ஒருநாள் தரிசித்துவிட்டுத் திரும்பவில்லை. ஒரு மண்டலம் அங்கேயே தங்கிக் கடலாடி விரதம் காத்தனர். முருகன் அருளால் அக்குழந்தை வாய் திறந்தது. கந்தர் கலிவெண்பா பிறந்தது. அவரே குமரகுருபர சுவாமிகள்.

கடும் வயிற்று வலியால் வாடிய பகழிக்கூத்தர், செந்தில் ஆண்டவன் திருநீற்றால் நலம் பெற்றுத் திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழ் பாடினார் என்பதும் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஆதிசங்கரர் அருளியதாகப் போற்றப்படும் சுப்பிரமணிய புஜங்கம், இத்தலத்தின் இலைத் திருநீற்றின் பெருமையைப் பேசுகிறது. பன்னீர் இலையில் வைத்துத் தரப்படும் அத்திருநீற்றை இன்றும் அன்பர்கள் பெறுகின்றனர். அவ்விலையின் பன்னிரு நரம்புகளும் முருகனின் பன்னிரு கரங்கள் என்பது நம்பிக்கை.

இவ்வரலாறுகள் யாவும் உணர்த்துவது ஒன்றே. அருள் விரைந்து வரலாம். ஆனால் அதனைப் பெற வந்தவர் விரையலாகாது.

பயணத்தின் ஒழுங்கு

ஒரு மண்டலம் தங்குதல் இக்காலத்தில் எல்லார்க்கும் இயலாது. ஆறு நாள் இயலும். சென்னை எழும்பூரிலிருந்து செந்தூர் விரைவு ரயில் நேரே திருச்செந்தூர் சென்றடைகிறது. வண்டி மாற வேண்டிய தொல்லை இல்லை. திருநெல்வேலியில் இருந்து வருவோர்க்குப் பயணிகள் ரயில் உண்டு. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் எனத் தாமிரபரணிக் கரை ஊர்களைக் கடந்து அது கடலை நோக்கி வரும். வாழைத் தோட்டமும் வயலும் உப்பளமும் மாறி மாறித் தோன்றும் அப்பாதையே ஓய்வின் தொடக்கம்.

காலத்தைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். ஐப்பசியில் கந்த சஷ்டி, தையில் பூசம், மாசியிலும் ஆவணியிலும் பெருந்திருவிழா. அந்நாள்களில் இலட்சக்கணக்கானோர் கூடுவர். அண்மைக் காலமாகப் பௌர்ணமி இரவுகளிலும் கடற்கரை நிறைந்துவிடுகிறது. திருவிழாவின் பெருமை வேறு, தலவாசத்தின் அமைதி வேறு. கார்த்திகை மழை ஓய்ந்து, வெயில் முதிராத தை, மாசி மாதங்களில், விழா நாள்களை விலக்கி, வார நடுவில் அமையுமாறு திட்டமிடுவது நலம்.

முதல் நாள் தரிசனத்துக்கு ஓட வேண்டியதில்லை. பயணக் களைப்பு நீங்க உறங்கி எழுந்து, மாலையில் கடற்கரையில் அமர்ந்து, ஒன்பது நிலை மேலைக் கோபுரத்தைக் கண்ணாரக் கண்டு கும்பிட்டால் போதும்.

இரண்டாம் நாள் காலை கடலாடல். பின்னர் நாழிக்கிணறு. சூரனோடு பொருத படையினரின் தாகம் தணிக்க முருகன் வேலூன்றி எழுப்பியது என்பது தலவரலாறு. உப்புக் கடலுக்கு அருகே ஊறும் அந்த நன்னீர் தலையில் பட்டதும் உண்டாகும் குளிர்ச்சியை உணர்ந்தவரே அறிவர். தரிசனம் முடிந்து பலர் உடனே ஊர் திரும்பிவிடுகின்றனர். நண்பகல் வரை பொறுத்திருப்போர்க்கு அரிய காட்சி ஒன்று கிடைக்கும். உச்சிக்கால பூசை நிறைவுற்றபின், பாலும் அன்னமும் மேளதாளத்துடன் கடற்கரைக்கு எடுத்துச் செல்லப்பட்டுக் கடலில் கரைக்கப்படும். இதனைக் கங்கை பூசை என்பர்.

காயலும் ஆறும்

மூன்றாம் நாள் வடக்கே, அடுத்த ரயில் நிலையமான காயல்பட்டினத்துக்குச் செல்லலாம். காயல் என்பது கடலை ஒட்டித் தேங்கிய நீர்நிலை. பாண்டியர் காலத்தில் காயல் துறைக்கு அரபு நாட்டுக் குதிரைகள் கப்பலில் வந்திறங்கின. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதிக்கு வந்த மார்க்கோ போலோ, காயல் துறையின் செல்வத்தையும் முத்துக்குளித்தலையும் எழுதி வைத்தார். அதற்கும் பல நூற்றாண்டு முன்னர் முத்துக்குப் பெயர் பெற்ற கொற்கை, ஆறு கொணர்ந்த மண்ணால் கடல் விலகிப் போக, இன்று சில கிலோமீட்டர் உள்ளே சிற்றூராய் இருக்கிறது. இக்கரையில் முத்துக் குளித்தலும் 1961-ஆம் ஆண்டோடு நின்றது. சங்கு குளித்தல் மட்டும் தொடர்கிறது. பூசையறையில் முழங்கும் சங்கு எங்கோ ஒரு குளியாளர் மூச்சடக்கி எடுத்தது என்பதை இக்கடலின் முன் நின்று எண்ணிப் பார்க்கலாம்.

காயல்பட்டினம் இஸ்லாமியப் பெருமக்கள் மிகுதியாக வாழும் ஊர். அவ்வூரில் தோன்றிய காசிம் புலவர், அருணகிரிநாதரின் சந்தத்தைப் பின்பற்றி நபிகள் நாயகத்தின் மீது திருப்புகழ் பாடினார். செந்திலைப் பற்றி அருணகிரியார் பாடிய எண்பதுக்கும் மேற்பட்ட திருப்புகழ்கள் கோயிலில் ஒலிக்க, அதே சந்தம் பக்கத்து ஊரில் வேறொரு வழிபாட்டுக்கு உடலாயிற்று. மாலையில் காயல்பட்டினம் கடற்கரையில் குடும்பம் குடும்பமாக வந்து காற்று வாங்குவோர் நடுவே முதியோரும் சிறிது நேரம் அமர்ந்திருக்கலாம். கடற்காற்றுக்கு ஊர் ஏது, பேர் ஏது!

அங்கிருந்து ஆத்தூர் தொலைவில்லை. வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பெயர் பெற்ற அவ்வூரில் சோமநாதர் எழுந்தருளியிருக்கிறார். ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. சற்றுக் கிழக்கே சேர்ந்தபூமங்கலம். உரோமச முனிவர் தாமிரபரணியில் விட்ட ஒன்பது மலர்களில் கடைசி மலர் வந்து சேர்ந்த இடம் இது. நவகைலாயத் தலங்களுள் ஒன்பதாவது. பொதிகையில் பிறந்து சுமார் 125 கிலோமீட்டர் ஓடி வரும் ஆறு, புன்னைக்காயல் அருகே கடலோடு கலக்கிறது. மலையில் ஆர்ப்பரித்து அருவியாய் விழுந்த அதே நீர், இங்கே ஓசையின்றி அகன்று நடக்கிறது. வயதின் நிறைவில் நிற்போர் இக்காட்சியின் முன் சற்று நேரம் பேசாமல் இருப்பர்.

நான்காம் நாள் எங்கும் செல்லலாகாது. அதுவே இப்பயணத்தின் சிறந்த நாள். விடியலில் கடலோரம் நடை. பகலில் பாராயணமும் உறக்கமும். மாலையில் ஒரு தரிசனம். கையிலுள்ள கைப்பேசியும் அன்று ஓய்வெடுக்கட்டும்.

ஐந்தாம் நாள் ஆழ்வார்திருநகரி. ஒன்பது திருப்பதிகளையும் அன்றே பார்த்துவிட வேண்டும் என்னும் ஆசை எழும். அதனை அடக்குதலே விரதம். நம்மாழ்வார் யோகத்தில் அமர்ந்திருந்த திருப்புளிய மரத்தடியில் அரை மணி நேரம் அமர்ந்திருத்தல், ஒன்பது வாசல்களில் செருப்பைக் கழற்றி மாட்டுவதைவிட மேலானது. எஞ்சிய தலங்கள் அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும். மீண்டும் வரவேண்டும் என்னும் எண்ணமே முதுமையில் ஒரு மருந்து.

ஆறாம் நாள் காலை மீண்டும் செந்திலாண்டவன் திருமுன் நின்று விடைபெற்றுப் புறப்படலாம்.

உடலுக்கு உரியவை

இத்தனையும் சொன்ன பின் சில எச்சரிக்கைகளையும் சொல்லியே ஆக வேண்டும். கடல் தாய் எனினும் அலைக்கு வயது தெரியாது. அண்மை ஆண்டுகளில் திருச்செந்தூர்க் கரையில் மண்ணரிப்பு ஏற்பட்டு, கரை சில சமயம் படிபோல் சரிந்துவிடுகிறது. கூர்மையான பாறைகளும் உண்டு. முதியோர் துணையின்றி நீரில் இறங்கலாகாது. முழங்கால் அளவுக்கு மேல் செல்லவும் வேண்டா. அஞ்சுவோர் கரையில் நின்று தலையில் நீரைத் தெளித்துக்கொண்டாலும் தீர்த்தப் பயன் குறையாது. நாழிக்கிணற்றின் படிகளில் இறங்க இயலாதவர்க்கு, உடன் வந்தவர் தீர்த்தம் கொணர்ந்து தரலாம்.

நீரிழிவு உள்ளவர் வெறுங்காலில் நண்பகல் மணலிலும் கற்றளத்திலும் நடப்பது ஆபத்து. மரத்துப்போன பாதம் சூட்டை உணராது. கொப்புளம் மறுநாளே தெரியவரும். அத்தகையோர் தரிசனத்தை விடியலிலோ மாலையிலோ வைத்துக்கொண்டு, இரவில் பாதங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். திருநீறு பூசுவதும் மாத்திரை உண்பதும் ஒன்றுக்கொன்று பகையன்று. மருத்துவர் எழுதித் தந்த மருந்தை ஒருவேளையும் விடலாகாது. விரதம் என்ற பெயரில் பட்டினி கிடப்பதும், உடன்குடிக் கருப்பட்டியின் சுவையில் மயங்கிச் சர்க்கரையை ஏற்றிக்கொள்வதும் தவறே. கூட்டம் மிகுந்த வேளையில் முதியோர்க்கு என்ன வசதி உண்டு என்பதைக் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிந்துகொண்டால், வரிசையில் நின்று தளர நேராது.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். தாய் தந்தையரை வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவது எளிது. உடன் வந்து, அவர்கள் நடக்கும் வேகத்தில் நடப்பது அரிது. ஆறு நாளும் விடுப்பு எடுக்க இயலாதவர் இரண்டு நாளேனும் உடன் இருக்கலாம். வாய் பேசாத குழந்தைக்காக அந்தப் பெற்றோர் ஒரு மண்டலம் இக்கரையில் காத்திருந்தனர். முதுமையில் தளர்ந்த பெற்றோருக்காகப் பிள்ளைகள் சில நாள் காத்திருப்பது, அந்தக் கடனின் ஒரு சிறு பங்கு.

சீரலைவாயில் அலை இன்றும் ஓயவில்லை. அவசரமும் அதற்கு இல்லை. அதன் அருகே சென்று அமைதியாக அமர்வோரை, செந்தில் வேலன் தன் பன்னிரு விழிகளாலும் காத்தருள்வான்.