மூலனூர்க் காந்தள்

தாராபுரத்திலிருந்து மூலனூர் செல்லும் சாலையில், ஐப்பசி மாதத்துக் காலைப் பொழுதில், நாம் ஒரு விசித்திரமான வேலையைக் கண்டோம். காந்தள் பந்தலுக்கடியில் நின்று ஸ்திரீகள் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து மற்றொரு பூவின் சூல்முடியில் தடவிக்கொண்டிருந்தார்கள். காட்டில் பூச்சிகள் செய்யும் காரியம் இது. காந்தளின் சூல்தண்டு அடியிலேயே மடிந்து பக்கவாட்டில் நீண்டுவிடுவதால், மகரந்தம் தானாக அதன்மேல் விழுவது அரிது. விதைக்காகப் பயிரிடும் கொங்கு நாட்டு விவசாயி காத்திருக்க முடியுமா? விதையில்தான் கோல்ச்சிசின் என்னும் மருந்து இருக்கிறது. மூட்டுவாத நோய்க்கு அது வேண்டியிருப்பதால் விதை கடல் கடந்து விலை போகிறது.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கும்போது காந்தளையே முதலில் வைத்தார். இன்று அது தமிழ்நாட்டின் மாநில மலர். ஆனால் ஜனங்கள் அதைக் கண்வலிக் கிழங்கு என்றும் கலப்பைக் கிழங்கு என்றும்தான் சொல்கிறார்கள். கிழங்கு கலப்பையைப் போல் வளைந்திருப்பதைப் பார்த்தால் இரண்டாவது பெயர் நமக்குப் பொருத்தமாகவே படுகிறது.

வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க ஆசைப்படும் நேயர்கள் ஆடி மாதத்தில் கிழங்கை நடலாம். ஒவ்வொரு முனையிலும் ஒரே முளைதான் உண்டு. அது கண்ணாடிபோல் ஒடியும். ஒடிந்தால் அந்த முனை முளைக்காது. நீர் தேங்காத செம்மண் உத்தமம். தேங்கினால் கிழங்கு அழுகிப்போகும். கொடிக்குத் தனிப் பற்றுக்கம்பி கிடையாது. இலை நுனியே சுருண்டு பிடித்துக்கொள்ளும். ஆதலால் மெல்லிய கம்பியோ, முட்கிளுவை வேலியோ போதும். இலையைத் தின்ன, கருநிற உடலில் வெள்ளையும் சிவப்பும் புள்ளியிட்ட ஒரு புழு வரும். அதைக் கையாலேயே பொறுக்கி எறிய வேண்டும். பூ பச்சையாய் விரிந்து, மஞ்சளாகி, நெருப்பாய்ச் சிவக்கும். காய் முற்றியபின் கொடி காய்ந்துவிடும். செடி செத்ததென்று எண்ணிப் பிடுங்கிவிடாதீர்கள்! பழைய கிழங்கு அழிந்து, அதனிடத்தில் புதுக் கிழங்கு உறங்குகிறது. அப்போது தண்ணீர் விடலாகாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கிழங்கு முதல் விதை வரை எல்லாம் கொடிய விஷம். வள்ளிக்கிழங்கென்று எண்ணிச் சமைத்துத் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. குழந்தைகள் தவழும் முற்றத்திலும், ஆடு மேயும் வேலியோரத்திலும் இதை நடலாகாது. கிழங்கைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்பே அடுப்பங்கரைக்குள் போக வேண்டும்.

கிழங்கை எங்கே வாங்குவது? காட்டில் தோண்டி வந்து விற்பவரிடம் வேண்டாம். விதைக் கிழங்குக்காகத் தோண்டித் தோண்டியே பல புதர்க்காடுகளில் காந்தள் அருகிவிட்டது. தை மாதத்தில் காய் பறித்த பிறகு, பயிரிடுவோரிடமே கேட்டு வாங்கலாம். நிழலில் மணலுக்குள் வைத்தால் ஆடி வரை உறங்கும்.