கைமுறுக்கு மாமியின் முறை

மாசி 3

மாமியை அழைத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் மாறி, எட்டு மணிக்கே அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு வரிசையில் நின்றோம். போன வருஷத் தை முகூர்த்தத்தில், சீர் முறுக்கு சுற்றும் இடத்தில் எண்ணெய்ச் சட்டி சாய்ந்தது. புண் ஆறிவிட்டது. ஆறின விதம்தான் வினை. தழும்பு இழுத்து, வலக்கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விரியாமல் நெருங்கிவிட்டன. கைமுறுக்குக்கு வேண்டியதே அந்த இரண்டு விரல்தான்.

"பிளாஸ்டிக் சர்ஜரியெல்லாம் சினிமாக்காரா பண்ணிக்கறதுன்னா?" என்றாள். 'பிளாஸ்டிக்' என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்கு வனைவது, உருக்கொடுப்பது என்று பொருள். 1838லேயே ஜெர்மானியர் செய்ஸ் இதே பெயரில் புத்தகம் போட்டார், கடை பிளாஸ்டிக் பை அப்புறம் வந்தது என்றேன். காதில் வாங்கவில்லை.

தொடைத் தோலை எடுத்து ஒட்ட வேண்டுமாம். தழும்பு சிவந்து தடித்திருக்கும்வரை பொதுவாகக் கத்தி வைக்கமாட்டார்கள், அது முதிர ஒரு வருஷம்கூட ஆகும். ஆக, இதுவரை காத்திருந்தது வைத்தியத்தில் சேர்த்தி. இனிமேல் காத்திருப்பது? "பேர் எழுதிக்கறோம், கூப்பிடுவோம்." தேதி கிடையாது.

சித்திரை 20

கூப்பிட்டார்கள். சர்க்கரை 280. ஒட்டின தோல் பிடிக்காது, குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பினார்கள். நியாயம். திரும்பும் பஸ்ஸில் மாமி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். முதல் நாள் ஏகாதசிப் பாரணையில் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டதை நான் கேட்கவில்லை.

ஆடி 2

சர்க்கரை சரி, மயக்க டாக்டரின் ஃபிட்னஸ் சரி, லிஸ்டில் மூன்றாவது பேர். ராத்திரி நெடுஞ்சாலையில் விபத்து. காலையில் டாக்டரே வார்டுக்கு வந்து சொன்னார்: "நசுங்கின கைக்கு இன்னிக்கே ரத்த ஓட்டம் வரலேன்னா எடுக்க வேண்டியதுதான். மாமி கை நாளைக்கும் இப்படியேதான் இருக்கும்."

மறுத்துப் பேச வாய் வரவில்லை. இந்த ஊருக்கு அவசரம் என்றால் தெரியும். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபப் பந்தல் பற்றி எரிந்ததில் மாப்பிள்ளை உட்பட ஐம்பது பேருக்கு மேல் போனார்கள். அப்படி ஒரு நாளில் யார் லிஸ்டைப் பார்ப்பார்கள்?

ஆனால் 'நாளைக்கும் இப்படியே' என்பது நாளைக்கு மட்டும்தான் உண்மை. மாதங்கள் போனால் மூட்டு இறுகும், அப்புறம் தோலை விடுவித்தாலும் விரல் வராது. குழந்தைகள் பாடு இன்னும் மோசம்: எலும்பு வளரும், தழும்பு கூட வளராது, ஒரே கையை மறுபடி மறுபடி திறக்க வேண்டிவரும்.

இங்கிலாந்தில் அரசு மருத்துவத்தில் காத்திருப்புக்கு 18 வாரம் என்று கெடு வைத்திருக்கிறார்கள். பல வருஷமாக அவர்களாலும் அதை எட்ட முடியவில்லை. இருந்தாலும் எத்தனை பேர் தாண்டினார்கள் என்று மாதாமாதம் வெளியிடுகிறார்கள். மாமியின் வாரங்களுக்கு இந்த டைரிதான் கணக்கு.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம். திட்டத்தில் சேர்ந்த தனியாரிடம் போகலாமே என்றான் மாமியின் தம்பி பிள்ளை. சென்னை ஸ்டான்லியில் கைக்கென்றே தனிப் பிரிவு உண்டு என்றேன் நான். "இந்த டாக்டர் என் கையைப் பிடிச்சுப் பார்த்துட்டார். மறுபடி ஆரம்பத்துலேர்ந்தா?" என்றாள்.

ஆடி 18

அம்மா மண்டபத்தில் ஆடிப்பெருக்குக் கூட்டம். இடது கையால் முடிச்சுப் போட வராமல், மஞ்சள் கயிற்றை என்னிடம் நீட்டினாள்.

ஆவணி 10

ஸ்ரீஜெயந்திக்கு இடது கையாலேயே முறுக்கு சுற்றிப் பார்த்தாள். ஏழு சுற்றுக்குப் பேர்போனவள். மூன்றாவது சுற்றில் பிய்ந்தது. பிய்ந்ததையும் எண்ணெயில் போட்டாள்.

அடுப்படியில் இருக்கும்போதே போன். வருகிற செவ்வாய், ராத்திரி பத்துக்கு மேல் ஒன்றும் சாப்பிடாமல் வரவேண்டும். மாசி 3 முதல் எண்ணினால் 27 வாரம் தாண்டிவிட்டது.

"செவ்வாய்க்கிழமையா?" என்று இழுத்தாள் மாமி. "புதனுக்கு மாத்தித் தருவாளான்னு கேளேன்."

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.