ஒரு மலையில் செல்வம், மறு மலையில் அழுக்கு!

சேலத்திலிருந்து இளம்பிள்ளை போகும் சாலையில் கூடவே வருகிறது கஞ்சமலை. அடிவாரத்தில் சித்தர் கோயில். அமாவாசை என்றால் கூட்டம் நெரியும். கும்பிட வருகிறவர்கள் காலடியில் கிடக்கும் கல்லையும் ஒரு தடவை கையில் எடுத்துப் பார்க்கலாம். கறுப்பும் வெள்ளையுமாக வரி வரியாக இருக்கும்.

கறுப்பு வரி மேக்னடைட், அதாவது காந்தத்தில் ஒட்டும் இரும்புத் தாது. வெள்ளை வரி வெங்கச்சங்கல். சுமார் 250 கோடி ஆண்டுகளாக இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. கல்லில் இரும்பு ஏறக்குறைய 35 சதவீதம்தான். ஒடிசா, சத்தீஸ்கரின் நல்ல தாதுவில் 60 சதவீதத்தைத் தாண்டும். இங்கே இரும்பைப் பிரிக்கக் கல்லை மாவாக அரைத்து, காந்தத்தால் இழுக்க வேண்டும். செலவு அங்கேதான்.

1960-களில் சேலத்துக்கு உருக்காலை வேண்டும் என்று தமிழ்நாடே குரல் கொடுத்தது. 1970-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஆலையும் வந்தது, கஞ்சமலைக்குப் பக்கத்திலேயே. ஆனால், 1980-களின் தொடக்கத்தில் அங்கே ஓடத் தொடங்கியது, வெளியிலிருந்து வந்த எஃகை உருட்டித் துருப்பிடிக்காத தகடாக்கும் வேலை. மலை பார்த்துக்கொண்டே நின்றது.

அடுத்து, 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. சேர்வராயன் கோயில் பக்கம் மண்ணே செக்கச்செவேல் என்றிருக்கும். கோடிக்கணக்கான மழைகள் பாறையைக் கழுவிக் கழுவி மிச்சம் வைத்தது பாக்சைட், அலுமினியத்தின் தாது. 1965-ல் தொடங்கிய மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் அது இறங்கிப் போனது.

அந்தச் சிவப்பு எதனால்? இரும்பால்! கஞ்சமலையில் தேடிய அதே இரும்பு, இங்கே வேண்டாத விருந்தாளி. அலுமினியத்தைப் பிரித்த பிறகு செஞ்சேறாக அதுதான் மிஞ்சுகிறது.

இன்னொரு விருந்தாளி சிலிக்கா. அது வெங்கச்சங்கல்லாக இருந்தால் பெரும்பாலும் சும்மா கிடக்கும். வெள்ளைக் களிமண்ணுக்குள் இருந்தாலோ, ஆலையில் ஊற்றும் காஸ்டிக் சோடாவைத் தின்றுவிட்டு, கொஞ்சம் அலுமினியத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் நிலவியல் ஆய்வாளர்கள் ‘எத்தனை சதவீதம்’ என்பதோடு நிறுத்துவதில்லை. கல்லை 0.03 மில்லிமீட்டருக்குத் தேய்த்து, ஒளி ஊடுருவும்படி நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். எக்ஸ்ரே கதிர் பாய்ச்சி, எது எந்தக் கனிமமாக ஒளிந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். சுரங்கம் தோண்டலாமா, மலையை விட்டுவிடலாமா என்ற முடிவுக்கு அந்தக் கடுகளவு துகளும் ஒரு காரணம்.

அடுத்த முறை சேலம் போனால், குழந்தைகள் கையில் ஒரு காந்தம் கொடுங்கள். கஞ்சமலை ஓடையின் கறுப்பு மணலில் அதை வைத்தால், மீசை முளைத்ததுபோல் ஒட்டிக்கொண்டு வரும். வெள்ளை மணல் அங்கேயே கிடக்கும். ஒரு பெரிய உருக்காலைக் கனவின் கதை, அந்தப் பிடி மணலுக்குள் இருக்கிறது.