காலண்டரில் வைத்த புள்ளிகள்

1998-இல் ஒரு மாலை, தம்புச் செட்டித் தெருவிலிருந்த என் அலுவலகத்துக்கு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். ஊர் திருவொற்றியூர் காலடிப்பேட்டை. அந்த அம்மாவின் துணிப்பையில் ஏழு காலண்டர்கள் இருந்தன, எல்லாம் மளிகைக் கடையில் இனாமாகக் கொடுப்பவை. கணவர் வேலைக்குப் போன நாளுக்கெல்லாம் நீலப் பேனாவால் ஒரு புள்ளி, இரவு ஷிப்டுக்கு இரண்டு. பால் கணக்கு எழுதுகிற பழக்கத்தில் இதையும் எழுதிவந்ததாகச் சொன்னார்.

எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் கணவருக்கு ஆறு வருடமாக உலை ஹெல்பர் வேலை. மாதச் சம்பளம் 1,800 ரூபாய், வவுச்சரில் கையெழுத்து. "நாளையிலிருந்து வர வேணாம்னு கேட்ல சொல்லிட்டாங்க சார்" என்றார் அவர். நோட்டீஸ் தரவில்லை, ஒரு ரூபாய்கூட நஷ்டஈடும் தரவில்லை.

காலண்டர்களைப் புரட்டினேன். புள்ளிகள் வரிசையாகப் போகும், திடீரென்று ஒரு மாதத்துக்கும் மேல் வெறுமையாகக் கிடக்கும், பிறகு மறுபடி தொடங்கும். திருவொற்றியூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல் இது: பிரேக்.

பிரேக் ஏன் வந்தது? 1947-ஆம் ஆண்டு தொழிற்தகராறு சட்டப்படி, பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்தவரை ஆட்குறைப்பு செய்வதென்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளமும், முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும் கொடுத்தாக வேண்டியிருந்தது. தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதிச் சட்டமோ, 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்கிறது. தொழிலாளியைக் காக்க எழுதிய எண்கள் இவை. கம்பெனிகள் அவற்றைத் தாண்டவிடக் கூடாத கோடாகப் படித்துக்கொண்டன. ஆளை எடுக்கும்போதே அவரை அனுப்பும் தேதியையும் குறித்துவிடும் பழக்கம் இப்படித்தான் வந்தது.

என்னிடம் வந்த கணவரின் அப்பா ராயபுரத்தில் இருந்தவர், துறைமுகத்தில் டாக் லேபர் போர்டில் பதிவான தொழிலாளி. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த திட்டம் அது. கப்பல் இல்லாத நாளிலும் ஆஜரானால் படி கிடைத்தது. அப்பாவுக்குப் பதிவு அட்டை கிடைத்தது, மகனுக்கு பிரேக் கிடைத்தது. இடையில் ஒரு தலைமுறைதான், வீடுகளுக்கு நடுவிலும் சில மைல்தான்.

தொழிலாளர் அலுவலர் முன் சமரசம் முறிந்தது. உயர் நீதிமன்ற வளாகத்திலிருந்த தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனோம். 240 நாளை நிரூபிக்க வேண்டியவர் தொழிலாளிதான், ஆனால் ஆவணமெல்லாம் இருப்பது முதலாளியிடம். காலண்டரைக் காட்டினால் "வீட்டில் உட்கார்ந்து எழுதியது" என்பார்கள். அதனால் வருகைப் பதிவேட்டை வரவழைக்க மனுப் போட்டேன். பல வாய்தாவுக்குப் பிறகு கடைசி ஆண்டின் பதிவேடு வந்தது. அதில் 211 நாள். நிர்வாகத் தரப்பு அதைத் தயங்காமல் தாக்கல் செய்தது. 240-க்குக் கீழே இருக்கிறதே என்ற தைரியம்.

அன்று இரவு பதிவேட்டையும் காலண்டரையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். புள்ளிகள் ஒரு நாள்கூடப் பிசகவில்லை. அந்த அம்மாவின் கையெழுத்துக்குக் கம்பெனியே சாட்சி சொல்லியிருந்தது. வவுச்சர்களில் வேறொன்றும் இருந்தது. பிரேக் இல்லாத மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிடித்தம் கிடையாது. சம்பளத்தோடு விட்ட ஞாயிறும் விடுமுறையும் 240 நாள் கணக்கில் சேரும் என்று 1985-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஞாயிறு 37, தேசிய, பண்டிகை விடுமுறை 5. மொத்தம் 253.

குறுக்கு விசாரணையில் பர்சனல் ஆபீசரிடம் நான் கேட்டது ஒரே கேள்வி: மே முதல் தேதிக்குச் சம்பளம் கொடுத்தீர்களா? "கொடுத்தோம்" என்றார். வெளியே வந்ததும் அந்த மனிதர் என்னிடம், "எல்லாரும் செய்யறதுதான் சார். நிரந்தரம் ஆயிட்டா அப்புறம் குறைக்க முடியாதுன்னு பயம்" என்றார். அந்தப் பயத்தில் ஓரளவு உண்மை உண்டு. நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலையில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்று அப்போது இருந்தது. அதனாலேயே அந்தக் கம்பெனியின் ரோலில் எண்பது சொச்சம் பேரும், கான்ட்ராக்டர் பெயரில் மற்றவர்களும் இருந்தார்கள். ஆனால் அந்தத் தொழிலாளிக்குச் சட்டப்படி சேர வேண்டியது எவ்வளவு? ஆறு ஆண்டையும் முழுதாக எடுத்துக்கொண்டாலும் 5,400, நோட்டீஸ் சம்பளம் 1,800. ஆக 7,200 ரூபாய். இதைக் கொடுக்காமலிருக்க ஆறு வருடம் மூன்று மூன்று பிரேக்காக ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைத்து அணைத்து ஏற்றினார்கள். இதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மீண்டும் வேலை, பாதி பின்சம்பளம் என்று தீர்ப்பு வந்தது. நிர்வாகம் உயர் நீதிமன்றம் போனது. தொழிற்தகராறு சட்டத்தின் 17-பி பிரிவின் கீழ், வழக்கு முடியும்வரை கடைசியாக வாங்கிய சம்பளத்தைத் தர உத்தரவு வாங்கினேன். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

ஒரு நாள் கணவர் மட்டும் தனியாக வந்தார். தம்பி அதே சாலையில் மூன்று கம்பெனி கேட்டில் நின்றிருக்கிறார். மூன்றிலும் அண்ணன் பெயரைக் கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். "எனக்காக அவன் ஏன் சார் நிக்கணும்? முடிச்சிடுங்க." நான் வாதாடிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. ஒரு தொகைக்கு, அதே சட்டத்தின் 18(1) பிரிவின் கீழ் நிர்வாகத்தோடு ஒப்பந்தம் எழுதினோம். கேஸை அவ்வளவு பாடுபட்டு நடத்திய எனக்கு அந்தக் கையெழுத்து கசந்தது.

2020-ஆம் ஆண்டு தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், ஆட்குறைப்பு அனுமதிக்கான அந்த நூறை முந்நூறாக்கியிருக்கிறது. எண்ணை ஏற்றினாலும் இறக்கினாலும் ஆலைகள் அதற்குக் கீழேயே நிற்கப் பார்க்கும். முதல் நாளிலிருந்தே நாளுக்கு நாள் பாதுகாப்பு சேர்ந்துகொண்டு போனால் 239-ஆம் நாளில் ஒருவரை அனுப்ப யாருக்கும் அவசரம் இருக்காது என்று அந்த வழக்கிலிருந்தே சொல்லிவருகிறேன்.

பணம் கைக்கு வந்த பிறகு அந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டார், காலண்டர்கள் திரும்பக் கிடைக்குமா என்று. அவை நீதிமன்றத்தில் சான்றாவணமாகக் குறியிடப்பட்டிருந்தன. திரும்பப் பெற மனுப் போட்டு, முத்திரை விழுந்த அந்த ஏழு காலண்டர்களையும் வாங்கிக் கொடுத்தேன். வந்த அதே துணிப்பையில் வைத்து எடுத்துப் போனார்.