சோடாப் புட்டியும் காக்கிச் சட்டையும்

தமிழ்த் திரைப்பட இரசிகர்கள் பலருக்கு ஐ. எம். விஜயனை வில்லனாகத்தான் தெரியும். 2006ஆம் ஆண்டில் வெளிவந்த ‘திமிரு’ படத்தில் அச்சமூட்டும் பார்வையோடு வந்து நின்றவர் அவர். நானும் அவர் முகத்தை முதலில் திரையில்தான் கண்டேன். இந்தியக் கால்பந்தின் தலைசிறந்த முன்கள ஆட்டக்காரர்களுள் ஒருவர் அவர் என்பதையும், கொல்கத்தா மக்கள் அவரைக் ‘கருமான்’ என்று செல்லமாக அழைத்தார்கள் என்பதையும் பின்னரே அறிந்தேன். அவர் புகழின் உச்சியைப் பற்றிப் பேசுவோர் பலர். என்னை ஈர்ப்பது அதற்கு முந்தைய காலம். பந்தாட்டத்தையே பிழைப்பாகக் கொண்டு வாழ முடியுமா என்று ஓர் இளைஞர் தேடிய காலம் அது.

விஜயன் 1969ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் திருச்சூரில் பிறந்தார். வறுமை சூழ்ந்த வீடு. பள்ளிப் பருவத்திலேயே திருச்சூர் நகராட்சி விளையாட்டரங்கில் சோடா விற்றார். ஒரு புட்டிக்கு அவருக்குக் கிடைத்தது 10 பைசா. இதனைப் பலரும் கதைபோல் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். எனக்கோ அங்கே சற்று நிற்கத் தோன்றுகிறது. விளையாட்டரங்கில் பண்டம் விற்பவன் ஆட்டத்தை முழுமையாகப் பார்ப்பதில்லை. அவன் கண் தாகமுள்ள முகத்தைத் தேட வேண்டும். முதுகு ஆடுகளத்தை நோக்கியிருக்கும். ஆரவாரம் எழும்போது திரும்பிப் பார்த்தால், பந்து வலைக்குள் சென்றிருக்கும். அந்த நிலையிலும் ஒரு சிறுவன் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டான் என்பது எனக்கு இன்றும் வியப்பே.

திறமை இருந்தது, அதற்குக் கூலி தருவார் யார்? அக்காலத்தில் இந்தியாவில் தேசிய அளவிலான கால்பந்து லீக் எதுவும் இல்லை. தேசியக் கால்பந்து லீக் 1996ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. கொல்கத்தாவிலும் கோவாவிலும் பெயர்பெற்ற கழகங்கள் இருந்தன. ஏனைய இடங்களில் ஆட்டக்காரரைக் காத்தவை அரசுத் துறைகளும் வங்கிகளும் ஆலைகளுமே. சென்னையிலும் அப்படித்தான்: இரயில் பெட்டித் தொழிற்சாலை, தென்னக இரயில்வே, இந்தியன் வங்கி ஆகியவற்றின் அணிகளில் எத்தனையோ இளைஞர்கள் ஆடினர். ‘விளையாட்டு ஒதுக்கீடு’ என்ற சொல் அவர்களுடைய வீடுகளில் அடுப்பெரியச் செய்த சொல். பதிவேட்டில் அவர் எழுத்தர் அல்லது காவலர். மாலையில் மட்டுமே ஆட்டக்காரர். இதனை அரைகுறை ஏற்பாடு என்று எள்ளுவோர் உண்டு. வேறு வழியே இல்லாத நாட்டில் அதனை எள்ளி நகையாட என்னால் இயலவில்லை.

கேரளக் காவல்துறை அணி அத்தகைய ஏற்பாட்டின் மிகச் சிறந்த விளைச்சல். காவல்துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்த எம். கே. ஜோசப் கால்பந்தின்மீது பெரும் பற்றுடையவர். வி. பி. சத்யன், சி. வி. பாப்பச்சன், யு. ஷரஃப் அலி, குரிகேஷ் மேத்யூ எனத் தேர்ந்த ஆட்டக்காரர் பலர் அந்த அணியில் ஒன்றுகூடினர். 1987ஆம் ஆண்டில், பதினெட்டு வயதை ஒட்டிய பருவத்தில் விஜயன் அங்கே வந்து சேர்ந்தார். சோடா விற்ற சிறுவனுக்கு மாதந்தோறும் ஊதியம் உறுதியாயிற்று. முழங்காலில் அடிபட்டுப் படுத்தாலும் வீட்டில் உலை கொதிக்கும். இளம் ஆட்டக்காரனுடைய காலுக்கு இதைவிடப் பெரிய காப்பு வேறில்லை. துணிந்து பாய்வதற்கும், எதிரணியின் தடுப்பாளர் இருவருக்கிடையே உடலை வளைத்து நுழைவதற்கும் அவரிடம் இயல்பான ஆற்றல் இருந்தது. ஆனால் நாளைய உணவைப் பற்றிய அச்சம் நெஞ்சில் இருந்தால் அந்த ஆற்றல் முழுதாக வெளிப்பட்டிருக்குமா?

1990ஆம் ஆண்டு பெடரேஷன் கோப்பைப் போட்டிகள் திருச்சூரில் நடைபெற்றன. நாட்டின் பெரிய கழகங்கள் எல்லாம் மோதிய கோப்பை அது; அதுவரை கேரளத்து அணி எதுவும் அதனை வென்றதில்லை. இறுதி ஆட்டத்தில் கோவாவின் சல்காக்கர் அணியைக் கேரளக் காவல்துறை 2–1 என்ற கணக்கில் வீழ்த்தியது. முன்பு சோடாப் புட்டிகளோடு சுற்றிவந்த ஊரில், இருபத்தொரு வயது விஜயன் வென்ற அணியின் சட்டையோடு நின்றார். மறு ஆண்டும் காவல்துறை அணி அதே கோப்பையை வென்றது. ஒரு மாநிலத்தின் காவலர்கள் புகழ்மிக்க கழகங்களைத் தோற்கடித்த அந்த இரண்டு ஆண்டுகளைக் கேரளத்தில் இன்றும் முதியோர் சொல்லிச் சொல்லி மகிழ்வர்.

இதன் பிறகுதான் கடினமான முடிவு வந்தது. 1991ஆம் ஆண்டில் கொல்கத்தாவின் மோகன் பகான் அவரை அழைத்துக்கொண்டது. 1911ஆம் ஆண்டில் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலேயப் படையணியை வென்ற பெருமைக்குரிய கழகம் அது. அங்கே ஆடுவது இந்திய ஆட்டக்காரர் எவருக்கும் கனவு. பணமும் மிகுதி, புகழும் மிகுதி. ஆனால் கழகத்தின் ஒப்பந்தத்திற்குக் காலவரையறை உண்டு, ஓய்வூதியம் கிடையாது. ஒரு பருவம் கோல் அடிக்காவிட்டால் இலட்சம் பேர் ஏசுவார்கள். விஜயன் சென்றார். மறு ஆண்டே காவல்துறை அணிக்குத் திரும்பினார். 1993இல் மீண்டும் மோகன் பகானுக்குச் சென்றார்.

இப்படி மாறி மாறிச் சென்றதைத் தடுமாற்றம் என்று சொல்லிவிடலாம். நான் அவ்வாறு கருதவில்லை. 10 பைசாவை எண்ணி வாங்கிய கை, கைவிடும் எதனையும் நிறுத்துப் பார்த்தே கைவிடும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் துணிவு எளிது. தவறினால் தாங்கிக்கொள்ள வீடு இருக்கிறது. விஜயனுக்கு அந்த வீட்டின் இடத்தில் காக்கிச் சட்டை இருந்தது. அதனை ஒருமுறை கழற்றி, மீண்டும் அணிந்து, பிறகுதான் உறுதியோடு கழற்றினார். அந்த 1993ஆம் ஆண்டில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவரை நாட்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தது.

அடுத்து, பஞ்சாபில் நெசவாலை ஒன்று நடத்திவந்த ஜே.சி.டி. அணி அவரை அழைத்தது. முதல் தேசிய லீக் பட்டத்தை வென்றதும் அந்த அணிதான். 1997இல் முழுமையான தொழில்முறைக் கழகம் என்ற அறிவிப்போடு கொச்சியில் எஃப்.சி. கொச்சின் உருவானபோது விஜயன் ஊர்ப்பக்கம் வந்து அதில் ஆடினார். சில ஆண்டுகளிலேயே அக்கழகம் பணமின்றி நொடிந்தது. ஜே.சி.டி. அணியும் 2011இல் கலைக்கப்பட்டது. விஜயன் பிற்காலத்தில் கேரளக் காவல்துறைக்கே திரும்பினார். 2025ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், அதே ஆண்டு ஏப்ரலில் மலபார் சிறப்புக் காவல் படையின் துணைக் கமாண்டன்ட் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார்.