பெயர் இல்லாத பாட்டி

கையெழுத்து அழகாக இருப்பதில் இருக்கும் ஆபத்து எனக்கு 1993-ல்தான் தெரிந்தது.

அப்போது நான் பி.காம். இரண்டாம் வருடம். என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்திருந்தேன். சேவை மனப்பான்மையா? அதெல்லாம் இல்லை. வேலை முடிந்ததும் டீயும் பன்னும் தருவார்கள். வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் உழைத்தால் சர்டிபிகேட் வேறு. வேலைக்கு அப்ளிகேஷன் போடும்போது உதவும் என்று அப்பா சொல்லியிருந்தார்.

திட்ட அலுவலராக இருந்த பொருளாதாரப் பேராசிரியர் ஒருநாள் என் அசைன்மென்ட்டைப் புரட்டிப் பார்த்தார். "கையெழுத்து முத்து முத்தா இருக்கேய்யா! இன்னைலேருந்து நீதான் விளம்பரச் செயலாளர். செய்தி மடலுக்கும் நீயே ஆசிரியர்."

ஆசிரியர் என்றால் ஆசிரியர் குழுவும் உண்டல்லவா? ஆசிரியர், துணையாசிரியர், நிருபர், மைதா பசை காய்ச்சி போஸ்டர் ஒட்டுபவர் எல்லாமே அடியேன்தான். மடலுக்குப் பெயர் வைக்க மூன்று மணி நேரம் கூட்டம் போட்டு விவாதித்தோம். 'விடியல்', 'புயல்', 'எரிமலை' எல்லாம் வந்து போயின. கடைசியில் 'செய்தி மடல்' என்றே வைத்தோம்.

சைக்ளோஸ்டைல் காலம் அது. இன்றைய தம்பிகளுக்கு விளக்கிச் சொன்னால்தான் புரியும். டைப்ரைட்டரில் ரிப்பனை விலக்கிவிட்டு, மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் தட்ட வேண்டும். அச்சு நேராகத் தாளை வெட்டும். ஓங்கித் தட்டினால் சுழி எழுத்துகளில் ஓட்டை விழுந்துவிடும். தப்பு வந்தால் நெயில் பாலிஷ் வாசனையடிக்கும் திரவத்தைத் தடவி, ஊதி ஊதிக் காய வைத்து மறுபடி அடிக்க வேண்டும். பிறகு உருளையில் மாட்டி, மை ஊற்றி, கைப்பிடியைச் சுற்றினால் நான்கு பக்க மடல் தயார். சட்டையிலும் ஒரு பிரதி விழுந்திருக்கும்!

மடலின் தலையில் என்.எஸ்.எஸ். சின்னத்தைக் கையால் வரைவேன். கோனார்க் சூரியக் கோயில் தேர்ச்சக்கரம் அது. அதன் எட்டு ஆரங்களும் ஒரு நாளின் எட்டு ஜாமங்கள். அதாவது 24 மணி நேரமும் சேவைக்குத் தயார் என்று அர்த்தம். (நான் பன் வரும் நேரத்துக்குத் தயார்.) சக்கரத்துக்குக் கீழே, 'நாட் மீ, பட் யூ' என்ற குறிக்கோளைத் தமிழில் எழுதுவேன்: 'எனக்காக அல்ல, உனக்காக.'

அந்த வருடம் பத்து நாள் சிறப்பு முகாம். ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியில் தங்கினோம். கண்மாய்க்குத் தண்ணீர் வரும் கால்வாய் தூர்ந்து கிடந்தது. அதை வெட்டிச் சரிசெய்வதுதான் வேலை. முதல் இரண்டு நாள் வெறியோடு வெட்டினோம். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். மூன்றாம் நாள் காலையில் ஒரு பாட்டி வந்து நின்று பார்த்தார்.

"ஏய்யா, இது மேட்டுப் பக்கம்ல? தண்ணி எப்படிய்யா ஏறும்?"

திட்ட அலுவலர் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார். திருப்பி வைத்துப் பார்த்தார். பாட்டி சொன்னதுதான் சரி.

பழைய கால்வாய் போன வழியை அவரே நடந்து காட்டினார். மறுநாள் ஊர் ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கிவிட்டார்கள். அவர்கள் வெட்டிய வேகத்தில் நாங்கள் மண் சட்டி தூக்கவே திணறினோம்.

இதை அப்படியே எழுதியிருக்கலாம். எழுதினேனா? என் பேனாவுக்கு அப்போது இலக்கிய வெறி. இப்படி எழுதினேன்: 'அறியாமை இருளில் மூழ்கிக் கிடந்த கிராமத்தில் நம் மாணவர்கள் ஒளியேற்றினர். தள்ளாத வயதில் ஆதரவற்ற மூதாட்டி ஒருவர், நம் சேவையைக் கண்டு கண்ணீர் மல்கினார்.' தப்பாக வெட்டிய இரண்டு நாளும் காணாமல் போயின. பாட்டியின் கண்ணீர் என் சொந்தச் சரக்கு.

மடல் வந்தது. திட்ட அலுவலர் முதுகில் தட்டினார். "யுனிவர்சிட்டிக்கு அனுப்பற ரிப்போர்ட்டோட இதையும் வெச்சுடலாம்" என்றார். இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை.

மூன்றாம் நாள் சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு பையன் தயங்கித் தயங்கி வந்தான். முதல் வருடம், பி.ஏ. வரலாறு. கையில் மடல்.

"அண்ணே, இது நீங்க எழுதுனதா?"

பாராட்டப் போகிறான் என்று காலரைச் சரிசெய்துகொண்டேன்.

"ஆதரவற்ற மூதாட்டின்னு போட்டிருக்கீங்கள்ல, அது எங்க அப்பத்தாண்ணே. வீட்ல நாங்க ஏழு பேர் இருக்கோம்." கொஞ்சம் நிறுத்தினான். "அப்பத்தாவுக்குப் படிச்சுக் காட்டலாம்னு ஆசையா எடுத்துட்டுப் போனேன். பாதியில நிறுத்திட்டேன். மீதி எங்கன்னு கேட்டுச்சு. தாள் கிழிஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டேன்."

அவன் சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மடலை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

அன்று ராத்திரி அதை மறுபடி படித்தேன். நான்கு பக்கத்தில் 'நாம்', 'நம்' என்பவை 61 இடத்தில். மாணவர் பெயர்கள் வரிசையாக, இனிஷியலோடு. ஊர்க்காரர் பெயர் ஒன்றுகூட இல்லை. தலையில் மட்டும் கொட்டை எழுத்தில் 'எனக்காக அல்ல, உனக்காக.'

அடுத்த மடலுக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு திட்ட அலுவலரிடம் போனேன். வரைபடத்தைத் தலைகீழாகப் பார்த்தது, இரண்டு நாள் தப்பாக வெட்டியது, வழி காட்டிய பாட்டியின் பெயர், கால்வாய் வெட்டிய ஊர்க்காரர்களின் பெயர்கள் எல்லாம் அதில் இருந்தன. கடைசி வரி: 'சென்ற மடலில் எழுதியது தவறு. எழுதியவன் நான்.'

அவர் படித்தார். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

"இதைப் போட்டா பிரின்சிபால் என்னைத்தான்யா கூப்பிடுவார்."

"தெரியும் சார்."

"யுனிவர்சிட்டிக்குப் போற ரிப்போர்ட்லயும் இதைத்தான் வைக்கணும். இந்த வருஷம் பரிசு கிரிசு எதிர்பார்க்க முடியாது."

நான் பேசவில்லை. அவர் பேனாவை எடுத்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். 'மண்வெட்டி'யில் நான் விட்டிருந்த ஒரு புள்ளியை வைத்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பையனோடு பஸ் பிடித்துப் போனேன். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேரன் முழுவதையும் வாசித்தான். மேட்டுப் பக்கம் வெட்டிய கதை வந்தபோது பொக்கை வாயால் சிரித்தார். "எம் பேரு எங்க இருக்கு, காட்டு" என்றார். காட்டினேன். விரலால் தடவினார். மை ஒட்டிக்கொண்டது. சேலையில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எழுதுனது இருக்கட்டும்யா. அந்த வாய்க்காலை இன்னும் ரெண்டு முழம் ஆழமா வெட்டணும். அடுத்த வருசம் வருவீகள்ல?"

போனோம். வெட்டினோம். (அவர் பெயரை இங்கே போட யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, அதனால் போடவில்லை. ஒரு தடவை வாங்கியது போதும்!)

சென்ற மாதம் எங்கள் ஆபீஸில் மரம் நடுவிழா. மேனேஜர் முதல் அட்டெண்டர் வரை வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். "சார், நீங்கதான் நல்லா எழுதுவீங்க, ஆபீஸ் குரூப்ல நாலு வரி போடுங்க" என்றார்கள். எழுத ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் நின்றுவிட்டது. எழுந்து வெளியே போனேன்.

காலையில் வந்து குழி வெட்டிவிட்டு, போட்டோவில் நிற்காமல் ஒதுங்கிப் போன பெரியவர், கேட் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அய்யா, உங்க பேரு என்ன?" என்று கேட்டேன்.

"ஏன் சார், குழி சரியில்லையா?" என்று பதறிப்போய் எழுந்தார்.